தொங்கு மருவை அகற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கழுத்தைக் கவனித்துப் பார்த்தால், பலருக்கும் ஒன்றிரண்டு சின்ன மருக்கள் தொங்குவது தெரியும். மெத்தென்று இருக்கும், மெல்லிய காம்பு இருக்கும். தோலின் நிறத்திலோ அதைவிடச் சற்றுக் கருப்பாகவோ இருக்கும். பெரும்பாலும் மிளகு அளவுதான், சிலது ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, கண் இமை என்று தோலும் தோலும் உரசும் இடங்களில், மடிப்புகளில் இது வருகிறது. பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்றாவது இருக்கும். மருத்துவர்கள் இதை ஸ்கின் டேக் என்பார்கள். சீட்டில் அக்ரோகார்டான் என்று எழுதியிருந்தாலும் இதுதான்.

உள்ளே இருப்பது கொஞ்சம் கொலாஜன் நார், சில நுண்ணிய ரத்தக் குழாய்கள், சில சமயம் சிறிது கொழுப்பு. இது புற்றுநோய் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனால் தாலிச் சங்கிலி மாட்டி ரத்தம் வருகிறது, ஷேவ் செய்யும்போது பிளேடு படுகிறது, காலர் உரசி எரிகிறது, அல்லது பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். இதில் எந்தக் காரணமும் சின்னக் காரணம் இல்லை. "இதுக்குப் போய் டாக்டரா" என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

எடுப்பது சில நிமிட வேலை. எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுப்பது, யாரிடம் எடுக்கிறோம் என்று பார்க்காமல் எடுப்பது, நம் மாநிறத் தோலுக்கு ஒத்துவராத முறையில் எடுப்பது ஆகிய மூன்றில்தான் பலரும் அடிபடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, கத்தரி தோலில் படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

முதல் படி: இது தொங்கு மருதானா என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். தொங்கு மரு விரலால் தள்ளினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடும். அடியில் காம்பு ஒடுங்கியிருக்கும். தொட்டால் வலிக்காது. மாதக்கணக்கில் பெரிய மாற்றம் இல்லாமல் அப்படியே இருக்கும்.

இதனோடு பலரும் குழப்பிக்கொள்வது வைரஸ் மருவை. ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது அது. விரல், நகத்தைச் சுற்றிய இடம், முழங்கால், உள்ளங்கால் ஆகிய இடங்களில் அதிகம். தொட்டால் சொரசொரப்பாக, கெட்டியாக இருக்கும். அடி அகன்றிருக்கும். உற்றுப் பார்த்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியலாம், அவை உறைந்த நுண் ரத்தக் குழாய்கள். அது ஒட்டும். ஷேவ் செய்தால் பிளேடு போன வழியெல்லாம் பரவும். அதற்கான மருந்துகளும் வேறு. கடையில் விற்கும் சாலிசிலிக் அமில மருந்து வைரஸ் மருவின் தடித்த தோலை உரிப்பதற்காக உள்ளது. அதைக் கழுத்தில் தொங்கும் மெல்லிய மருவில் வைத்தால் சுற்றியுள்ள தோல்தான் வெந்துபோகும்.

கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு கடுகாகக் கருப்பாகத் தோன்றுபவை பெரும்பாலும் வேறு வகை. டி.பி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம்மைப் போன்ற கருநிற, மாநிறத் தோலில் அவை சாதாரணம், ஆபத்து இல்லை. குழந்தைகளுக்கு நடுவில் குழியோடு பளபளவென்று வரும் சின்ன முத்துகள் மொலஸ்கம் என்ற இன்னொரு வைரஸால் வருபவை. மச்சம் என்பது முற்றிலும் வேறு. மச்சத்தை மரு என்று நினைத்து யாரும் வீட்டில் கைவைக்கவே கூடாது.

இவற்றில் ஏதாவது இருந்தால், அழகுக்காக எடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன்பே தோல் மருத்துவரைப் பாருங்கள்: சில வாரங்களில் வேகமாக வளர்ந்தது, ஒரே மருவில் இரண்டு மூன்று நிறங்கள், ஒழுங்கற்ற ஓரம், உரசாமலே ரத்தம் கசிவது, ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருப்பது. ஒரு மரு திடீரென்று கருத்து வலித்தால் பெரும்பாலும் அதன் காம்பு முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கும். அப்படியானால் சில நாளில் தானாகக் காய்ந்து விழும். ஆனாலும் கருத்தது என்பதற்காகவே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் வருபவற்றை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அங்கே வருவது பாலுறவால் தொற்றும் வைரஸ் மருவாக இருக்கலாம், மூலத்தோடோ வெடிப்போடோ சேர்ந்து வரும் சதையாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுவதால்தான் இந்த இடங்களில் பிரச்சினை பெரிதாகிறது.

இன்னொரு அரிய சங்கதி. முகத்திலும் கழுத்திலும் ஏராளமான சின்னக் கட்டிகள், குடும்பத்தில் யாருக்காவது காரணமில்லாமல் நுரையீரல் சுருங்கிப்போன வரலாறு அல்லது சிறுநீரகக் கட்டி என்றிருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1977இல் கனடா மருத்துவர்கள் மூவர் விவரித்த பர்ட்-ஹாக்-டூபே என்ற பரம்பரை நோயில் இவை சேர்ந்து வரும். மிக அரிதாக வருவதையெல்லாம் நினைத்துப் பயப்பட வேண்டாம், குடும்ப வரலாறு இருந்தால் மட்டும் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: சர்க்கரையைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். தொங்கு மருவுக்கும் இன்சுலினுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உடல் பருமன், தொப்பை, உட்கார்ந்த வேலை ஆகியவற்றால் உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகின்றன. உடனே கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் தோல் செல்களுக்கும் நார்த் திசுவுக்கும் "வளர்" என்று கட்டளையிடுகிறது. அதன் விளைவுதான் மருக்களும், பின்கழுத்தில் வெல்வெட் துணியைப் போலத் தடித்துக் கருக்கும் தோலும்.

அந்தக் கழுத்துக் கருப்பை அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்ப்பவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது "கழுத்தைத் தேய்ச்சுக் குளி" என்று திட்டுவதும் நடக்கிறது. தேய்த்தால் அது போகாது, தோல்தான் புண்ணாகும். கழுத்துக் கருப்பும் மருவும் சேர்ந்து இருப்பவர்கள், வயது இருபதாக இருந்தாலும், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது ஆகியவற்றோடு மருவும் வரும் பெண்கள் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவு, ரத்த அழுத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126 அல்லது 6.5ஐத் தொட்டுவிட்டால், மறுபரிசோதனையிலும் உறுதியானால், சர்க்கரை நோய். வீட்டில் ஒரு டேப் எடுத்து இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். அந்த 13.6 கோடியில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. கழுத்து மரு அவர்களில் சிலருக்காவது முதல் அறிகுறியாக இருக்க முடியும்.

மரு இருக்கிற எல்லோருக்கும் சர்க்கரை என்று அர்த்தம் இல்லை. வெறும் உரசலாலும், வயதாலும், குடும்ப வாகாலும் வருகிறது. கர்ப்ப காலத்திலும் புதிதாக முளைக்கும். கர்ப்பத்தில் வந்தவை பிரசவத்துக்குப் பிறகு சில சமயம் சுருங்கும் என்பதால், அவசரப்படாமல் குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை கட்டுக்குள் வந்தாலும் ஏற்கெனவே தொங்கும் மரு தானாக உதிரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சர்க்கரை எகிறியிருக்கும்போது எடுத்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் வைக்கும் வாய்ப்பும் அதிகம். அதனாலும் பரிசோதனை முதலில்.

மூன்றாம் படி: வீட்டு வைத்தியங்களைத் தள்ளி வையுங்கள்

நம் ஊரில் இதற்கு வைத்தியம் சொல்லாத ஆளே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது.

சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைப்பது. இரண்டும் சேரும்போது கடுமையான காரம் உருவாகிறது. அது மருவைத் தாண்டி ஆழமாக அரித்துக்கொண்டே போகும். மரு விழும், அதோடு ஒரு குழித் தழும்பும் நிரந்தரமாக நிற்கும். கழுத்தில் வட்ட வட்டமாக வெளுத்த தழும்போடு வருபவர்களில் பலர் இதைச் செய்தவர்கள்தான். முந்திரிக்கொட்டைப் பாலும் இப்படித்தான் கொப்பளிக்க வைக்கும். எருக்கம்பால் இன்னும் மோசம். கண் இமை மருவில் வைக்கும்போது ஒரு சொட்டு கண்ணுக்குள் போனால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். இமையின் பக்கத்தில் எந்தப் பாலையும், எந்த அமிலத்தையும் கொண்டு போகவே கூடாது.

பச்சைப் பூண்டை அரைத்து வைத்து இரவு முழுக்கக் கட்டுவதும், ஆப்பிள் சைடர் வினிகரில் பஞ்சை நனைத்து ஒட்டுவதும் இப்போது வாட்ஸ்ஆப்பில் சுற்றுகின்றன. இரண்டும் தோலைப் புண்ணாக்கும். மாநிறத் தோலில் அந்தப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கருந்திட்டு நிற்கும். மருவை விட அந்தத் திட்டுதான் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது நூல் கட்டுவது, குதிரை வால் முடி கட்டுவது. இதன் அடிப்படை சரியானதுதான். காம்பை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று மரு காய்ந்து விழும். மருத்துவர்களும் கிருமி நீக்கிய நூலால் சில சமயம் செய்கிறார்கள். வீட்டில் கட்டும்போது பாதிதான் இறுகும். மரு வீங்கி, நாலைந்து நாள் வலித்து, சீழ் பிடித்து, கடைசியில் மருத்துவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும், வால் முடியில் அவை ஒட்டியிருப்பதில் வியப்பில்லை. சர்க்கரை உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை நினைத்தே பார்க்க வேண்டாம். நகவெட்டி, பிளேடு, ஊதுபத்தி நெருப்பு ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். காம்புக்குள் ஒரு சின்ன ரத்தக் குழாய் ஓடுகிறது, அது எதிர்பார்ப்பதைவிட அதிகமாகப் பீறிடும்.

ஆன்லைனில் விற்கும் மரு நீக்கிக் களிம்புகள், சொட்டு மருந்துகள், "மூலிகைப் பேனா"க்கள்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மச்சத்தையும் தொங்கு மருவையும் நீக்கக் கடையில் நேரடியாக விற்கத் தான் அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருக்கிறது. இவற்றை விற்றதற்காக 2022இல் அமேசான் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. இவற்றில் பலவற்றில் இருப்பது கடும் அமிலம் அல்லது தோலை அரிக்கும் உப்பு. புற்று மச்சத்தில் தடவினால் மேலே ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

உப்பும் மிளகும் கோயிலில் கொட்டி வேண்டிக்கொண்டால் மரு உதிரும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. வேண்டுதலில் தவறே இல்லை, அதனால் தோலுக்கு எந்தக் கெடுதலும் வருவதில்லை. குழந்தைகளின் வைரஸ் மருக்களில் பெரும்பாலானவை இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். காம்போடு தொங்கும் மரு அப்படி மறைவதில்லை.

நான்காம் படி: யாரிடம் போவது?

தோல் மருத்துவரிடம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. டெர்மட்டாலஜி, டி.டி.வி.எல்., டி.என்.பி. இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பதிவை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கையைக் கடிக்காது.

அழகு நிலையத்தில் "மரு சுடறோம்" என்றால் வேண்டாம். தோலைச் சுடும் கருவியை வாங்கி வைத்திருப்பது பெரிய விஷயம் இல்லை. இது மருவா மச்சமா என்று சொல்லத் தெரிய வேண்டும், ஊசியும் முனையும் ஒருவருக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். மாற்றாத முனையால் ஹெபடைட்டிஸ் பி, சி பரவலாம். கண் இமை ஓரத்தில் இருந்தால் கண் மருத்துவரிடமே போங்கள்.

கட்டணம் ஒரு மருவுக்கா, ஒரு தடவைக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அழகுக்காகச் செய்வது என்று மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது.

ஐந்தாம் படி: எந்த முறை?

சின்னக் காம்பு உள்ள மருவுக்கு, கூர்மையான சின்னக் கத்தரியால் அடியோடு நறுக்குவது பழைய முறை, எளிய முறை, என் கணிப்பில் நல்ல முறையும்கூட. அன்றைக்கே வேலை முடிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் நறுக்கிய துண்டைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். சுட்டுப் பொசுக்கிவிட்டால் அனுப்ப எதுவும் மிஞ்சாது.

நம் ஊர் கிளினிக்குகளில் அதிகம் நடப்பது மின்சூட்டு முறையும் ரேடியோ அலை முறையும். ரத்தம் வராது, ஒரே தடவையில் பத்து இருபது மருக்களை எடுத்துவிடலாம். லேசாகத் தீய்ந்த வாசனை வரும், பிறகு பொருக்குக் கட்டும். கை தேர்ந்தவர் மேலாகச் சுட்டு நிறுத்துவார், ஆழமாகப் போனால் தழும்பு.

திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதில் நம் தோலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிரை மற்ற செல்களைவிட மிகக் குறைவாகவே தாங்கும், மைனஸ் 5 டிகிரி அளவிலேயே சாகத் தொடங்கும். மரு சாகும் குளிரில் சுற்றியுள்ள நிறமும் போய்விடும். வெள்ளைத் தோலில் தெரியாத அந்த வெளுப்பு, மாநிறக் கழுத்தில் வருடக்கணக்கில் நிற்கலாம். இந்த முறைதான் என்று மருத்துவர் சொன்னால், இடுக்கியை நைட்ரஜனில் முக்கி மருவை மட்டும் பிடித்து உறைய வைக்க முடியுமா என்று கேளுங்கள். சுற்றிலும் ஸ்ப்ரே அடிப்பதைவிட அது நல்லது. லேசர் முறையும் இருக்கிறது. சாதாரணத் தொங்கு மருவுக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆறாம் படி: போகும் முன், போன பிறகு

மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்ததா, காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்ததா, கர்ப்பமா. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் இந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு மருவுக்காக மாரடைப்பை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் மின்சூட்டுக்குப் பதிலாக நறுக்கும் முறையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

தழும்பு புடைக்கும் உடம்புவாகு உள்ளவர்கள், நிறைய மரு இருந்தாலும் முதலில் இரண்டு மூன்றை மட்டும், அதுவும் மறைவான இடத்தில், எடுத்துக்கொண்டு சில வாரம் கழித்துப் பாருங்கள். நன்றாக ஆறியிருந்தால் மற்றவற்றை எடுக்கலாம்.

அன்றைக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, காலர் இல்லாத தளர்ந்த சட்டையில் போங்கள். மருக்கள் நிறைய இருந்தால் லிக்னோகெய்ன் கலந்த மரக்கும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அந்தக் களிம்பை வாங்கி வீட்டிலேயே கழுத்து, அக்குள், தொடை என்று தாராளமாகப் பூசிக்கொண்டு போகாதீர்கள். அதிக அளவு ரத்தத்தில் கலந்தால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். பெரிய மருவுக்கு ஊசி போடுவார்கள், அந்தக் குத்தல்தான் அன்றைய பெரிய வலி. ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தால் அது முழுக்கக் காய்ந்த பிறகே மின்சூடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். ஈரமாக உணர்ந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: ஆறும் வரை

முதல் நாள் அந்த இடத்தை நனைக்காமல் விடுங்கள். மறுநாளிலிருந்து சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலினையோ மருத்துவர் தந்த களிம்பையோ மெல்லியதாகத் தடவுங்கள். தோல் ஈரப்பசையோடு இருந்தால் சீக்கிரம் ஆறும், தழும்பும் குறையும். காய்ந்து பொருக்குத் தட்டட்டும் என்று விடுவதும், மஞ்சள் பொடி, காப்பித் தூள், விபூதி வைப்பதும் வேண்டாம். பொருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும். அரித்தாலும் நகத்தால் பெயர்க்காதீர்கள், பெயர்த்த இடத்தில்தான் கருந்திட்டு விழுகிறது.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். அப்படியும் நிற்கவில்லை என்றாலும், சிவப்பு பரவினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே போய்க் காட்டுங்கள்.

சங்கிலியைப் புண் முழுக்க ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதுவரை மெல்லிய பருத்தி நூலில் கோத்துப் போட்டுக்கொள்ளலாம். பின்கழுத்தில் வெயில் படும் வேலை என்றால், புண் மூடிய பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவுங்கள் அல்லது துண்டைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். வெயில் அந்த இளம் தோலை மிக வேகமாகக் கருக்க வைக்கும்.

அடியோடு எடுத்த மரு அதே இடத்தில் திரும்ப வருவது அபூர்வம். "ஒன்றை எடுத்தால் பத்து முளைக்கும்" என்பது தொங்கு மருவுக்குப் பொருந்தாது. வேறு இடத்தில் புதிதாக வருபவை, உரசலும் இன்சுலினும் அப்படியே இருப்பதால் வருபவை. ஆனால் எடுத்த அதே இடத்தில் ஏதாவது மறுபடியும் வளர்ந்தால், குறிப்பாகக் கருப்பாகவோ கெட்டியாகவோ வந்தால், அதைச் சுட்டுவிடச் சொல்லாதீர்கள். நறுக்கி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.